இரண்டு ராமலெட்சுமிகள், இடது கண்

என் மனைவி ராமலெட்சுமி கல்யாணமான நாளிலிருந்து என் பெயரைச் சொன்னதில்லை. சேதுராமன் என்று அவள் ஒரு தடவை வாயைத் திறந்தால் என் ஆயுளில் ஒரு துண்டு அறுந்து விழுந்துவிடும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அரசு பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவன். சில்லறைத் தகராறில் என் பெயரைச் சொல்லித் திட்டாத ஆள் கமுதிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் கிடையாது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நான் பிறப்பதற்கு முன்பே செத்திருக்க வேண்டும். ஆனால் அவளிடம் கணக்குப் பேச முடியாது. அவளுக்கு நான் "இந்தாருங்க". கமுதிச் சந்தைக் கூட்டத்தில் என்னைக் காணவில்லை என்றால் "இந்தாருங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். சந்தையே திரும்பிப் பார்க்கும், மாடுகள் உட்பட.

சென்ற மாசியில் அவளுடைய இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. வலது கண்ணும் நானும் வருகிறேன் என்று கிளம்பிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற தபால்காரரைப் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி என்று நினைத்து ஒரு சட்டி கழுநீரைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் மரியாதை தெரிந்தவர், பாதி குடித்தார். இதில் கொஞ்சம் நான் சேர்த்தது. எந்தக் கொஞ்சம் என்று சொல்ல மாட்டேன்.

வத்தல் விஷயத்தில் நான் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. மிளகாய் வத்தல் குவியலில் சொத்தை பொறுக்குவதில் எங்கள் ஊரில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே கை தன்பாட்டுக்குப் பொறுக்கும். அந்த மாசியில் அவள் பொறுக்கி முடித்த குவியலைப் பார்த்தால் சொத்தையெல்லாம் உள்ளே, நல்லதெல்லாம் வெளியே. அவளே முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். இந்தக் கண் திரும்ப வராவிட்டால் எனக்கு வீட்டில் என்ன வேலை என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். அன்றைக்கு எனக்கே வேடிக்கைப் பேச்சு வரவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ராமநாதபுரத்தில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் செய்கிற டாக்டர் மதுரையிலிருந்து வருவார், மாதத்துக்கு ஒரு தடவை. நாங்கள் கிளம்பும்போது என் ஒன்றுவிட்ட அண்ணன் தவசியின் மனைவியும் எங்களோடு கிளம்பினார். அவருக்கும் இடது கண்ணில்தான் புரை. தவசி அண்ணன் காட்டில் மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் விட்டிருந்ததால் வர முடியவில்லை. இரண்டு பேருக்கும் நான்தான் துணை.

இங்கே ஒரு தொல்லை. அண்ணன் மனைவியின் பெயரும் ராமலெட்சுமி. எங்கள் பக்கத்தில் ஒரு கல்லை எறிந்தால் அது ஒரு ராமலெட்சுமி மேல் பட்டு, துள்ளி, இன்னொரு ராமலெட்சுமி மேல் விழும். ஊரில் அவர் பெரிய ராமலெட்சுமி, என் மனைவி சின்ன ராமலெட்சுமி. ஆதார் அட்டை இரண்டிலும் பிறந்த தேதி ஒன்றுதான். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார்களே, அந்தத் தேதி. ஊர் ஒன்று. தெரு ஒன்று. ஆஸ்பத்திரியில் கொடுத்த போன் நம்பரும் ஒன்று, என்னுடையது. அட்டையில் இருக்கிற படத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அது என் மனைவிக்கும் பொருந்தும், பெரிய ராமலெட்சுமிக்கும் பொருந்தும், கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் எனக்கும் பொருந்தும்.

எங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் நிஷாந்தி. மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்த பெண். எங்கள் ஊர்ப் பேச்சும் அவள் வீட்டு இலங்கைப் பேச்சும் அவள் வாயில் மாறி மாறி வரும். நான் எதையாவது கேட்டால் "ஓம்" என்பாள். நாமம் சொல்கிறாளாக்கும், நல்ல பக்தியுள்ள பிள்ளை என்று முதல் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்களாம்.

முதல் நாள் பரிசோதனை. ரத்த அழுத்தம் பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள், கண்ணை அளந்தார்கள். அப்புறம் கேள்விகள். அவள் என் மனைவியைப் பார்த்துக் கேட்பாள், நான் பதில் சொல்வேன். கண்டக்டர் புத்தி, யார் எங்கே போக வேண்டும் என்று நாம்தானே சொல்ல வேண்டும். கண் எவ்வளவு நாளாக மங்கல் என்று கேட்டதற்கு, நான் ராமாயண காலத்திலிருந்து ஆரம்பித்தேன். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்றதற்கு, நான் ஒருத்தன்தான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நிஷாந்தி சிரித்தாள். ஆனால் எழுதவில்லை. நான் மூச்சு வாங்குகிற நேரத்தில் அதே கேள்வியை மறுபடி என் மனைவியிடம் கேட்டு, அவள் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டாள்.

பெரிய ராமலெட்சுமி வேறு ரகம். யார் எதைக் கேட்டாலும் "ஆமாத்தா" என்பார். இல்லை என்று சொன்னால் கேட்டவர் மனசு நோகுமாம். கண் வலிக்கிறதா என்று நிஷாந்தி கேட்டாள், ஆமாத்தா. வலி இல்லையா, அதற்கும் ஆமாத்தா. நிஷாந்தி பேனாவை மூடிவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண் என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்று கேட்க ஆரம்பித்தாள். ஆமாத்தா என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். நான் அதைப் பார்த்து அசந்துபோனேன். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. நம்மை மட்டமாக நினைத்துவிடக் கூடாதே.

அடுத்து சம்மதக் காகிதம். அதைக் கண்டதும் நான் என் பேனாவை உருவினேன்.

"அய்யா, கண்ணு யாருடையது?" என்றாள் நிஷாந்தி.

"அவளோடதுதான். ஆனா அவளே என்னோடதுதானம்மா."

"கண்ணு அவங்களோடதுன்னா கையெழுத்தும் அவங்களோடதுதான். அவங்க விவரம் தெரிஞ்ச ஆளு. நீங்க போட்டா அது சட்டப்படி செல்லாது."

என்ன செய்யப் போகிறார்கள், என்ன தப்பாகப் போக வாய்ப்பிருக்கிறது, வேண்டாம் என்றால் கடைசி நிமிஷத்தில்கூட வேண்டாம் என்று சொல்லலாம், எல்லாவற்றையும் அவள் நேராக இரண்டு ராமலெட்சுமிகளிடமும் சொன்னாள். என் மனைவி நிறையக் கேள்வி கேட்டாள். அவளுக்குள் இவ்வளவு கேள்வி இருப்பது எனக்கே தெரியாது, எல்லாவற்றுக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா. பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். அவள் போட்டு முடிப்பதற்குள் பரமக்குடிக்கு ஒரு நடை போய்த் திரும்பியிருக்கலாம்.

மறுநாள் காலை ஆபரேஷன். தியேட்டர் வாசல்வரை நான் போனேன், அதற்கு மேல் விடவில்லை. உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. மூன்று பேர் சொன்னதைக் கேட்டு, எனக்குப் பிடித்த அளவு உப்புப் போட்டுச் சொல்கிறேன்.

இரண்டு பேருக்கும் பச்சை அங்கி, தலையில் பச்சைக் குல்லா. மூக்குத்தி, தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். முந்தின நாள் நிஷாந்தி அவர்கள் இடது கையில் பெயரும் நம்பரும் எழுதிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டியிருந்தாள். நம் ஆட்கள் அதையும் வளையல் என்றே நினைத்து, சோப்புப் போட்டு உருவி, மற்றதோடு சேர்த்து ஒரே கைக்குட்டையில் முடிந்துவிட்டார்கள். அப்புறம் யாரோ பட்டை எங்கே என்று கேட்கவும், முடிச்சை அவிழ்த்து ஆளுக்கொன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கண்ணில் பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து விட்டாயிற்று, எதிரில் இருக்கிற எழுத்து எதுவும் தெரியாது. எந்தப் பட்டை யார் கையில் போனது என்பது அந்த ராமநாதசுவாமிக்கே வெளிச்சம்.

நிஷாந்தி கடைசிச் சரிபார்ப்புக்கு வந்தாள். கையைப் பார்த்தாள். இடது கையில் கட்டிய பட்டை வலது கையில் இருந்தது. அவ்வளவுதான், எல்லாம் நின்றுபோயிற்று.

அவள் இருவரிடமும் சொன்னாளாம். ஒவ்வொருவர் கண்ணையும் அளந்து அதற்கென்று ஒரு லென்ஸ் எடுத்து வைத்திருக்கிறது. மாற்றி வைத்துவிட்டால், அடுத்தவர் மூக்குக் கண்ணாடியை ஆயுளுக்கும் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி. கழற்றி வைக்க முடியாது. ஆள் யார் என்று உறுதியாகாமல் நான் உள்ளே அனுப்பினால் நாளைக்குச் சட்டத்துக்கு முன்னால் நானும் டாக்டரும் நிற்க வேண்டும், எனக்கு முகம் தெரியும், அந்த அம்மா தலையை ஆட்டினார் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெயர் கேட்டாள். இருவரும் ராமலெட்சுமி. பிறந்த தேதி, ஊர், தெரு, எல்லாம் ஒன்று. பைலில் வித்தியாசமாக இருந்தது ஒன்றே ஒன்று.

"வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா" என்றாள் நிஷாந்தி.

என் மனைவி தரையைப் பார்த்தாள். அதில் தெரியக்கூடியது எதுவும் இல்லை, இருந்தாலும் பார்த்தாள். கடைசியில், ராமேஸ்வரத்துக்குக் கடல் மேல் போகுமே, சாமி கட்டினது, அது பேரில் பாதி என்றாள். மீதிப் பாதி ராவணனை ஜெயித்தவர். பக்கத்தில் நின்ற இன்னொரு நர்ஸ் பாம்பன்ராமனா என்று கேட்டதாகக் கேள்வி. பெரிய ராமலெட்சுமியைக் கேட்டதற்கு, அவர் காட்டில் ஒற்றைக் காலில் நிற்பார், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் என்று குறிப்புக் கொடுத்திருக்கிறார். கொக்கா என்றாள் அந்த நர்ஸ். ஆமாத்தா என்றார் இவர். பாலம் என்றாலும் ஆமாத்தாதான்.

நிஷாந்திக்கு இரண்டு பெயரும் புரிந்துவிட்டிருக்க வேண்டும், பைல் கையில்தானே இருக்கிறது. ஆனால் அவள் அதைச் சொல்லவே இல்லை. நான் பெயரைச் சொல்லி நீங்கள் தலையாட்டக் கூடாது, உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். எழுதச் சொல்லிப் பேனாவும் கொடுத்துப் பார்த்தாள். மருந்து விட்ட கண்ணோடு என் மனைவி எழுதியதில் எழுத்தெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, கடைசியில் ஒரு நண்டு மாதிரி வந்தது. சரி, அந்த அம்மா வீட்டுக்காரர் பேரையாவது நீங்கள் சொல்லுங்கள் என்றதற்கு, அவர் எனக்கு மூத்தார் முறை, புருஷனுக்கு அண்ணன் பேரை எப்படிச் சொல்வேன் என்று அதற்கும் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். சிஸ்டர் சரி என்று சொல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு, வேறு ஒருவருக்கு ஆபரேஷன் செய்யப் போய்விட்டார். அவர் சாயங்காலம் மதுரைக்குக் கிளம்பிவிடுவார். இன்றைக்கு இல்லை என்றால் கண்ணை மறுபடி அளந்து அடுத்த மாதம். அடுத்த மாதம் எங்கள் ஊரில் வத்தல் வேலையே முடிந்துவிடும். அப்போதும் என் மனைவி வாயில் என் பெயர் வரவில்லை. கண் போனாலும் போகட்டும், அவர் ஆயுசு போகக் கூடாது என்று சொன்னாளாம். இதை நிஷாந்தி என்னிடம் பிற்பாடு சொன்னபோது எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் தூசியே கிடையாது, இருந்தாலும் விழுந்தது.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

தியேட்டருக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு பச்சை மூட்டைகள், ஸ்டூலில். பொட்டு இல்லை, மூக்குத்தி இல்லை, குல்லா புருவம்வரை. என் மூக்குக் கண்ணாடியோ அவளுடைய பையில், பை ஆஸ்பத்திரி லாக்கரில். நிஷாந்தி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, இதில் உங்கள் வீட்டு அம்மா யார் என்று கையைக் காட்டுங்கள், அப்புறம் அவரும் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றாள்.

நான் பார்த்தேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள், அல்லது நான் இருக்கிற திசையைப் பார்த்தார்கள். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவன் கையை நீட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஒரு சிவராத்திரி ஆயிற்று. கடைசியில் வலது பக்கம் கையை நீட்டினேன்.

வலது பக்கம் இருந்தவர், "ஆமாத்தா" என்றார்.

இடது பக்க மூட்டை எழுந்து நின்றது.

"ஏலே சேதுராமா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? எவ பக்கம் கைய நீட்டுற?"

வராந்தாவில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. இன்னொரு நர்ஸ் கையிலிருந்த தட்டு விழுந்து உருண்டு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுவரை போனதாகச் சொல்வேன், நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மனைவி தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நிஷாந்தி மட்டும் ஒன்றுமே நடக்காதது போலப் பேனாவைத் திறந்தாள்.

"கணவர் பேரு சேதுராமன். சரியா இருக்கு. நன்றிங்கம்மா."

உடனே இன்னொரு ஸ்டூலுக்குத் திரும்பினாள். ஒருத்தி யார் என்று தெரிந்துவிட்டால் மற்றவள் யார் என்று தானாகத் தெரியுமே என்று நான் கேட்டேன். தானாகத் தெரிகிறதெல்லாம் எங்களுக்குச் செல்லாது அய்யா என்றாள். பெரிய ராமலெட்சுமி என் பக்கம் ஒரு தடவை திரும்பினார். சின்னவள் சொல்லியும் வானம் இடியவில்லை, எதிரில் நான் உயிரோடு நின்றுகொண்டிருக்கிறேன். நிஷாந்தியின் காதைப் பிடித்து இழுத்து, "தவசி" என்று ரகசியமாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் பச்சைக் குல்லாவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார், புதுப்பெண் தோற்றுப்போவாள். புதுப் பட்டைகள் வந்தன, இந்தத் தடவை பல்லால் கடித்தாலும் கழலாத மாதிரி கட்டினாள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் வேண்டுமென்றேதான் தப்பாகக் கையைக் காட்டினேன். என் மனைவியை எனக்கு நன்றாகத் தெரியும், இதைத் தவிர வேறு எதற்கும் அவள் வாய் திறக்காது என்று கணக்குப் போட்டுச் செய்தது. இதை நான் ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒருத்தர்கூட நம்பவில்லை. என் மனைவி என்னைப் பார்த்து உம் என்று மட்டும் சொன்னாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்டு வெளியே கொண்டுவந்து படுக்க வைத்ததும் அவள் முதலில் கேட்டது தன் கண்ணைப் பற்றி அல்ல. நிஷாந்தியைக் கூப்பிட்டு, இவரைக் கொஞ்சம் பாரும்மா, நான் பேரைச் சொல்லிட்டேன் என்றாள். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பெண் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்து, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு அறிக்கை கொடுத்தாள்.

"அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கம்மா. சந்தோஷத்துல இருக்கும். மத்தபடி இப்போதைக்கு உயிருக்கு ஒண்டும் ஆபத்தில்லை."

என் மனைவிக்கு அது போதவில்லை. இப்போதைக்கு என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டதே, அதைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது, குனியாதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள், நாங்கள் சொல்கிறவரை தலைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வலி வந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வாருங்கள் என்று நிஷாந்தி சொல்லச் சொல்ல, இவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். அப்படிச் சொல்லவைத்துத்தான் விட்டாள் அந்தப் பெண். எல்லாம் முடிந்ததும் என் மனைவி ஒரு சந்தேகம் கேட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது கண் ஆபரேஷன் ஆனவருக்கு மட்டும்தானே, கூட இருப்பவருக்கு இல்லையே?

"ஓம்" என்றாள் நிஷாந்தி.

அந்த ஒரு ஓம் என்னை ராமேஸ்வரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அறுந்துபோன ஆயுளை ஒட்ட வைக்க இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நான் குளிக்க வேண்டுமாம். கண்ணைத் திரும்பக் காட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மறுவாரமே கூட்டிப்போய்விட்டாள். அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தெறிக்காத தூரத்தில், மந்திரி பார்வையிட வந்த மாதிரி நின்றாள். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு ஆள் வாளியில் இறைத்து என் தலையில் கவிழ்த்தார். ஒன்றில் உப்பு, ஒன்றில் தித்திப்பு, ஒன்றில் ஐஸ். பத்தாவது கிணற்றில் பல் தந்தி அடித்தது. பன்னிரண்டாவதில் ஊற்றியவர் வாளியில் ஒரு மீன் இருந்தது, அது என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது.

எல்லாம் முடிந்தபோது எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. அன்றைக்குத் தியேட்டர் வாசலில் அவள் வாயிலிருந்து வந்த என் பெயர் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஏலே சேர்ந்து வந்தாலும் பரவாயில்லை. இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும். பிரகாரத்தில் ஈர வேட்டியும் ஈரத் தலையுமாக ஆயிரம் ஆண்கள். எல்லோரும் ஒரே அச்சு, என்னை எங்கே கண்டுபிடிப்பாள்? நான் மெல்ல நழுவி, தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒழிய வெளியே வருவதில்லை.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கினாள். நிதானமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிரகாரத்தைப் பார்த்தாள், வத்தல் குவியலைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு நேராக நடந்து வந்து, தூணுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"தொந்தி ஒரு சாண் வெளிய தெரியுது. வாருங்க, தலையத் தொவட்டணும்."